செவிட்டு உடம்பு

கல்யாண மண்டபத்து மணமகள் அறையில் ஜட்டியோடு இத்தனை ஆண்கள் நின்றால் அந்த அறைக்கே வெட்கமாகத்தான் இருக்கும் என்று சந்தனகுமார் நினைத்தான், நினைத்தவுடன் பல் கிட்டிக்கொண்டது, சிரிப்பு இல்லை, குளிர். சித்திரை மாதத்துத் திண்டுக்கல்லில், நரம்பு எடுப்பாகத் தெரியவேண்டும் என்று பவுன்ராஜ் மாஸ்டர் மின்விசிறியைக்கூட நிறுத்தி வைத்திருக்கிற அறையில், மற்றவர்கள் எல்லாம் எண்ணெயிலிருந்து எடுத்த வடை மாதிரி மினுங்கிக்கொண்டிருக்க, இவனுக்கு மட்டும் மார்கழி. சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற ரோலரை வெண்கலச் சாயத்தில் முக்கி மாஸ்டர் இவன் முதுகில் இழுத்தார், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, ரோலர் தொட்ட இடமெல்லாம் தோலை உரித்தது போல் இருந்தது. என்னடா மேலு இப்படிக் கொதிக்குது என்றார் மாஸ்டர், பம்ப் ஏறிருச்சு மாஸ்டர், சதைக்கு ரத்தம் பாயுது என்றான், ஏறட்டும் ஏறட்டும் என்று சந்தோஷமாகத் தொடைக்கு வந்தார். கொதிக்கிறவன் எதற்கு நடுங்குகிறான் என்று கேட்கிற ஆள் இல்லை அவர், மாவட்ட ஆணழகன் பட்டத்தைத் தன் ஜிம்முக்குக் கொண்டுவராமல் கண்ணை மூடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிற மனிதர். கண்ணாடியில் எந்தக் கல்யாணப் பெண்ணோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக இருந்தன, அதில் ஒன்று சரியாக இவன் நெற்றிக்கு நேரே வந்து உட்கார்ந்தது, தலையை நகர்த்தினான், இன்னொன்று வந்தது. நேற்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, தண்ணீர் குடித்தால் தோலுக்கும் சதைக்கும் நடுவில் நீர் கோத்துக்கொண்டு சதையின் வெட்டு தெரியாது, நாக்கு வாய்க்குள் பழைய செருப்பு மாதிரி கிடந்தது. மத்தியானமே ஆரம்பம் என்றார்கள், வெளியே வெயில் இறங்கிவிட்டது, தலைமை விருந்தினர் இன்னும் ஏதோ ஒரு வளைகாப்பில் இருக்கிறாராம், அவர் ஏழு வகைச் சோறும் சாப்பிட்டு வருகிற வரைக்கும் இங்கே பட்டினி கிடக்கிறவர்கள் அழகாக நிற்கவேண்டும். வலது இடுப்புக்குக் கீழே, ஜட்டியின் பட்டைக்கு அடியில், அது அடித்துக்கொண்டது. நெஞ்சு அடிப்பதைவிட அங்கேதான் பலமாக அடித்தது.

கட்டி என்று சொல்லப் பயந்து அதை அவன் இத்தனை நாளும் 'அது' என்றே வைத்திருந்தான். ஊசி போட்ட இடம். குரோத் ஊசி, வளர்ச்சி ஹார்மோன், மாஸ்டர் வாயில் அது வெறும் குரோத்து. நத்தம் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டுகிறவனுக்கு அந்தப் பெயரெல்லாம் எதற்கு, போட்டால் வளரும், அவ்வளவுதான். குப்பிகள் வீட்டு ஃபிரிட்ஜில் தோசை மாவுத் தூக்குக்குப் பின்னால் இருந்தன, காலையில் மாவை நகர்த்திவிட்டுக் குப்பியை எடுப்பான், இடுப்பில் ஒரு சிட்டிகை சதையைப் பிடித்துக் குத்துவான், அதே ஊசியைத் துடைத்து மறுநாளும் குத்துவான், நம்ம ஒடம்புக்கு நம்ம ஊசி, இதுல என்னடா தீட்டு என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். பிறகு அது வந்தது, கொட்டைப்பாக்கு அளவுக்கு, எலுமிச்சம்பழ அளவுக்கு. அது வளர வளர மற்றதெல்லாம் சுருங்கியது, அதுதான் வேடிக்கை, தோள் இறங்கியது, கையின் உருண்டை தளர்ந்தது, அளவு நாடாவை இறுக்கிப் பிடித்தாலும் தளர்த்திப் பிடித்தாலும் குறைந்துகொண்டே போனது. மருந்து போலியா இருக்கும், டோஸை ஏத்து என்றார் மாஸ்டர். ஏற்றினான். சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. மருந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, அதுதான் சூடு என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஏற்றினான். அப்படி நினைக்க ஒரு தனி மூளை வேண்டும், அந்த மூளை ஜிம்மில்தான் விளையும், ஜோதி பக்கத்தில் இருந்தால் இப்படித்தான் சொல்லுவாள், சொல்லத்தான் செய்தாள், அவள் சொன்னது எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது குளிர் நடுமுதுகிலிருந்து கிளம்பிப் பிடரிக்கு ஏறியது, பல்லைக் கடித்தான், மாஸ்டர் ரோலரை மறுபடி முக்கினார்.

நாகஜோதி, இவன் பெண்டாட்டி, அத்தை மகள், பெண்கள் பள்ளியில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறவள். பாடம் எடுத்து எடுத்து, வீட்டிலும் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே பாடம் எடுப்பாள், அவன் கிண்டல் பண்ணுவான், அவளும் சிரிப்பாள், அப்போதெல்லாம் சிரித்தாள். மாமா, வளருன்னு ஒரு சேதி வந்துச்சுன்னு வைங்க, அந்தச் சேதியே உள்ள ஒரு ஆளப் பெத்துவிட்டுரும், போதும்னு சொல்ற ஆளு, அவன் போயிக் கதவச் சாத்திருவான், இல்லாட்டி நம்ம எல்லாம் பனமரமா வளந்துக்கிட்டே போவோம். அவன் அப்போது புரிந்துகொண்டது விசில் கணக்கில்தான், இரட்டை விசில் அடித்தால் வண்டி எடுக்கவேண்டும், ஒற்றை விசில் அடித்தால் நிறுத்தவேண்டும், இரட்டை விசில் அடித்த கண்டக்டரேதான் ஒற்றை விசிலும் அடிக்கவேண்டும், அதற்கென்று தனி ஆள் பஸ்ஸில் ஏறுவதில்லை. காய்ச்சலிலும் அப்படித்தானாம், கிருமி வந்தால் அடிங்கடா என்று ஒரு சேதி உடம்பெல்லாம் போகும், அடித்தது போதும் என்கிற ஆளும் கூடவே கிளம்புவான், அவன் வரவில்லை என்றால் அடிக்க வந்த படை வீட்டையே அடித்து நொறுக்கும். அந்த ஆளை எடுத்துவிட்ட எலிகளைப் பற்றிக்கூடச் சொன்னாள், ஏதோ கருத்தரங்கில் படம் காட்டினார்களாம், வளர்ச்சியை நிறுத்துகிறவனை எடுத்துவிட்டால் எலி பெருத்துக்கொண்டே போகும், படையை நிறுத்துகிறவனை எடுத்துவிட்டால் குட்டி எலி பிறந்து சில வாரத்துக்குள் தன் ஈரலைத் தானே தின்று செத்துப்போகும். பெருத்த எலியைப் பற்றித்தான் அவன் மேலும் கேட்டான், எவ்வளவு பெருசு, கையால் காட்டு என்றான். அவள் கையால் காட்டாமல் அவன் முகத்தையே பார்த்தாள். செத்த எலியைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்று இப்போது தோன்றியது, இப்போது தோன்றி என்ன பண்ண.

சாயத்தின் வாடை மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அது பெயின்ட் வாடை, இவனுக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பு வாடை, ஊறப்போட்ட மாட்டுத்தோலின் வாடை, அய்யா சங்கையா சாயங்காலம் வாசலில் ஏறும்போது அவருக்கு முன்னால் வீட்டுக்குள் வருகிற வாடை. அந்த வாடை வந்தவுடன் அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள், இவன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். தோலில் ஒட்டியிருக்கிற சதையை நாளெல்லாம் கத்தியால் வழித்த கை அது, வீட்டுக்கு வந்தும் வழிக்கிற வேகத்தை அதனால் விடமுடியவில்லை. ஷாப்பிலிருந்து ஒரு வார் கொண்டுவந்து ஆணியில் மாட்டியிருந்தார், எருமைத்தோல் வார், அது முதுகில் விழும்போது சத்தம் முதலில் வரும், வலி பிறகுதான் வரும், நடுவில் ஒரு கணம் ஒன்றுமே இருக்காது, அந்தக் கணத்தில் அவன் மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டான். காரணம் கேட்கக்கூடாது, தண்ணீர் சிந்தினதும் காரணம், சிந்தாததும் காரணம். முதல் அடிக்கு ஏதோ ஒரு கோபம் இருக்கும், அதற்கு மேல் விழுகிற அடிகளில் கோபம் கூட இருக்காது, முகம் சாதாரணமாக, வேலை பார்க்கிற முகமாக இருக்கும், அதுதான் பயம். எலிக்குஞ்சு, எலிக்குஞ்சு என்று சொல்லிக்கொண்டே அடிப்பார், நெஞ்சுக்கூடு தெரிகிற பையன், பள்ளிக்கூடத்திலும் அதே பெயர் தங்கிவிட்டது. பெருசாகவேண்டும், யாரும் கை ஓங்கமுடியாத அளவுக்குப் பெருசாகவேண்டும், கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு அவன் வேண்டிக்கொண்டது அது ஒன்றைத்தான். சாமி அதைக் கொடுத்தது, ஆனால் எங்கே நிறுத்துவது என்பதைக் கூடச் சேர்த்துக் கொடுக்கவில்லை.

கண்ணாடி முன்னால் வத்தலக்குண்டு ஆரோக்கியராஜ் கையை மடக்கி மடக்கித் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதே எடைப்பிரிவு, அதே உயரம், ஆனால் கையில் ரத்தம் ஓடுகிறது, தோலுக்கு அடியில் கயிறு கயிறாக ஓடுகிறது. கண்ணாடி வழியாக இவனைப் பார்த்து, என்ன பங்காளி, ஒரு சுத்து எறங்கிட்ட மாதிரி இருக்கு என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான், குரலில் விஷம் இல்லை. ஆனால் அவன் பிடரியைப் பிடித்து முகத்தைக் கண்ணாடியில் மோதினால் மூக்கு முதலில் உடையுமா, கண்ணாடி முதலில் உடையுமா என்று சந்தனகுமாருக்குள் ஒரு கணக்கு ஓடியது, பொட்டுகளெல்லாம் ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு அவன் முகத்தோடு வரும், பல் வாஷ்பேசினுக்குள் விழும், மறுபடி ஒரு மோது, மறுபடி ஒரு மோது. கை கிளம்பிவிட்டது. உண்மையாகவே கிளம்பிவிட்டது, தரையிலிருந்த டம்பெல்லைப் பிடித்திருந்தது, எப்போது குனிந்தான் என்று தெரியவில்லை. ஜிம்மில் போடுகிற ஊசிகளெல்லாம் சேர்ந்து இப்படி ஆக்குகின்றன என்று ஜோதி சொல்வாள், இல்லை, அய்யா ரத்தம் என்று அம்மா சொல்வாள், இரண்டில் எது என்று அவனுக்குத் தெரியாது. மாஸ்டர் அவன் கையிலிருந்து டம்பெல்லைப் பிடுங்கி, இப்பவே பம்ப் பண்ணிராதடா, ஆளு வரட்டும் என்றார். ஆரோக்கியராஜ் சிரித்துக்கொண்டே தள்ளிப்போனான், தான் எதிலிருந்து தப்பித்தோம் என்று அவனுக்குத் தெரியாது. டம்பெல்லை விட்ட பிறகும் விரல்கள் மடங்கியபடியே நின்றன, ஒவ்வொன்றாக இடது கையால் பிரித்துவிட வேண்டியிருந்தது.

இப்படித்தான் அன்றைக்கும், அய்யாவின் கழுத்தை விட்ட பிறகும். பஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், மார்பு அகன்று கழுத்து தடித்துவிட்டது, அய்யா மட்டும் எப்போது இவ்வளவு சின்னதானார் என்று தெரியவில்லை, சாப்பாட்டில் உப்பில்லை என்று அம்மாவின் கூந்தலைப் பிடித்தார், அவ்வளவுதான், இவன் அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரில் வைத்துத் தூக்கினான். செருப்பு ஒன்று விழுந்தது, பிறகு இன்னொன்று விழுந்தது. கால்கள் சுவரை உதைத்தன, பிறகு உதைப்பது மெதுவானது, முகம் கறுத்தது, அவர் கண்ணில் ஒரு பையன் கட்டிலுக்கு அடியிலிருந்து பார்ப்பது போல் ஒரு பார்வை வந்தது, அது போதும், அதைப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் இரும்பு தூக்கினான், ஆனால் கை விடவில்லை, விடு என்று உள்ளே இவனே சொல்கிறான், கை விடவில்லை. அம்மா குடத்துத் தண்ணீரை இவன் தலையில் கொட்டினாள், என் புருசனக் கொன்னுராதடா என்று அவன் முதுகில் அடித்தாள், அதற்குப் பிறகுதான் விட்டது. எல்லாரும் அதை மகனின் வீரம் என்றே பேசினார்கள். அம்மா மட்டும் அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு போடும்போது தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நகர்ந்து நின்றாள், கடைசியில் அக்கா வீட்டோடு போய்விட்டாள்.

அய்யா செத்தது காய்ச்சலில். ஊரெல்லாம் காய்ச்சல் வந்த சமயம், பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியே நிற்கவைத்துக் காட்டினார்கள், மூச்சுக்குழாயைப் பிடுங்குகிறார் என்று இரண்டு கையையும் கட்டில் கம்பியில் துணியால் கட்டியிருந்தார்கள், அந்தக் கையைக் கட்ட முடியும் என்பதே அவனுக்குப் புதிதாக இருந்தது. கிருமி போயிருச்சுப்பா என்றார் டாக்டர், இளவயசுக்காரர், தூங்கி நாளாகியிருந்தது அவருக்கு, கிருமியை அடிக்க வந்தது நிக்கமாட்டேங்குது, ஈரல், கிட்னி எல்லாத்தையும் அடிக்குது, நிறுத்தப் பார்க்கிறோம். அவன் தலையாட்டினான். துக்கமாக இருந்ததா என்றால் இருந்தது, நல்லா வாங்கு என்றும் இருந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. நீலம் பாய்ந்த அந்த உடம்பு உள்ளேயிருந்து அடி வாங்கிக்கொண்டு துள்ளியது, வெளியே யாரும் அடிக்கவில்லை, வார் ஆணியிலேயே தொங்குகிறது, ஆள் துள்ளுகிறார். இப்போது மணமகள் அறையின் நாற்காலியில் உட்கார்ந்ததும் தன் தொடை அதேபோல் ஒருமுறை துள்ளியதைச் சந்தனகுமார் பார்த்தான். கையை வைத்து அமுக்கினான். சாயம் உள்ளங்கையோடு வந்துவிட்டது, தொடையில் வெள்ளையாக ஐந்து விரல் பதிந்தது, பாத்துடா என்று மாஸ்டர் கத்தினார்.

போன வாரம் ஜோதியின் கன்னத்தில் பதிந்தது சிவப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் மாவுத் தூக்கை எடுத்து மேடையில் வைத்துவிட்டு, பின்னால் இருந்த குப்பிகளை ஒவ்வொன்றாக உடைத்து வாஷ்பேசினில் ஊற்றிக்கொண்டிருந்தாள், சத்தம் போடவில்லை, அவசரப்படவில்லை, பாத்திரம் கழுவுகிற மாதிரி செய்தாள். என்னையச் சின்னவனாக்கப் பாக்குறியா என்று கேட்டது இவன் குரல்தான். முதல் அடிக்கு அவனிடம் காரணம் இருந்தது. இரண்டாவது அடிக்கு முதல் அடிதான் காரணம். அதற்குப் பிறகு விழுந்ததற்கெல்லாம் காரணம் தேடிப் பார்த்துவிட்டான், பஸ் ஓட்டும்போது, படுக்கும்போது, தேடிப் பார்த்துவிட்டான், கிடைக்கவில்லை. ஃபிரிட்ஜ் கைப்பிடியில் அவள் புருவம் பட்டுக் கிழிந்தது, ரத்தம் மாவுக்குள் விழுந்தது, வெள்ளை மாவில் அது பரவுவதைப் பார்த்துக்கொண்டேதான் அடுத்ததையும் அடித்தான், முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும், அந்த முகத்தை அவன் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறான். எது நிறுத்தியது என்றால் அவன் மனசு இல்லை, காலடியில் குப்பிக் கண்ணாடி குத்தி வழுக்கி விழுந்தான், அதனால் நின்றது. அவள் அழவில்லை. முந்தானையைப் புருவத்தில் அமுக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய்த் தையல் போட்டுக்கொண்டு வந்தாள், பாத்ரூமில் விழுந்துவிட்டேன் என்று டாக்டரிடமும் தலைமை ஆசிரியையிடமும் சொல்லிவிட்டாள். அவன் மறுநாளே மாஸ்டரிடம் வேறு குப்பி வாங்கினான், அதை ஜிம் ஃபிரிட்ஜில் வைத்தான். மன்னிப்பு கேட்டான் என்பதும் உண்மைதான், காலில் விழுந்துகூடக் கேட்டான், அய்யாவும் கேட்பார், அடித்த மறுநாள் அல்வா வாங்கி வருவார்.

நேற்றுக் காலையில் அவன் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தபோது, அவள்தான் அதைப் பார்த்தாள். காட்டுங்க என்றாள். காட்டினான். கட்டி கறுத்து, நடுவில் மஞ்சள் பூத்து, அங்கிருந்து ஒரு சிவப்புக் கோடு கிளம்பி இடுப்பு மடிப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் விரல் கோட்டைத் தொடாமல் அதன் மேலேயே போனது. மருந்து போலி இல்ல மாமா என்றாள். உடம்பு சண்டையில இருக்கு. சண்டை நடக்குற வீட்டுல எவனாச்சும் மாடி எடுப்பானா, அதான் வளத்துவிட வேண்டிய ஈரல் ஒங்க ஊசியக் காதுலயே வாங்க மாட்டேங்குது, வேணும்னே செவிடாயிருச்சு, நீங்க இன்னும் இன்னும் கத்திக்கிட்டே இருக்கீங்க. பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள், இன்னைக்கே கீறி எடுக்கணும், இது ரத்தத்துல ஏறுனா உங்க அய்யாவுக்கு வந்ததுதான் உங்களுக்கும். போட்டி முடியட்டும் என்றான். ஒரு நாள்தானே என்றான். பட்டம் வாங்கிட்டு நேரா ஆஸ்பத்திரி, உன்மேல சத்தியம் என்றான். என் மேல எதுக்கு என்று கேட்டாள் அவள். சரி, நீ வராத, புருவத்துல கட்டோட வந்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க என்று அவன் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் வருவேன். நீங்க விழுறப்ப, என்ன ஊசி, எத்தனை நாளாப் போட்டீங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்ல" என்றாள்.

வந்துவிட்டாள். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தான், மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி, மடியில் பை, பைக்குள் அவன் சட்டை வேட்டி இருக்கும், ஆதார் அட்டைகூட இருக்கும், அப்படிப்பட்டவள். மணமகள் அறைக்கு ஒரு பக்கக் கதவு உண்டு, முகூர்த்தம் முடிந்து பெண்ணைக் காருக்கு அழைத்துப் போகிற கதவு, திறந்தால் சந்து, சந்து முடிந்தால் ஆட்டோ ஸ்டாண்டு, அங்கிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். அந்தக் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றான். இழுத்தால் போதும். ஜோதி என்று கூப்பிட்டால் வந்துவிடுவாள். கோடு இப்போது எதுவரை வந்திருக்கும், சாயத்துக்கு அடியில் தெரியாது, சாயம் அடிக்கும்போதே மாஸ்டர் கட்டியைப் பார்த்தார், பார்த்துவிட்டு ஒரு பாராசிட்டமாலைக் கையில் வைத்தார், தண்ணி இல்லாம முழுங்கு என்றார், ஜட்டியை அரை அங்குலம் மேலே இழுத்துவிட்டு அந்த இடத்துக்கு இரண்டு பூச்சு கூடுதலாக அடித்தார். மாத்திரை இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. போய்விட்டால் ஆரோக்கியராஜ் ஜெயிப்பான். ஜெயிக்கட்டுமே. எலிக்குஞ்சு ஓடிப்போயிட்டான் என்பார்கள். யார் சொல்வார்கள், சொல்கிறவர் செத்துப்போய் வருஷமாகிறது. ஆனாலும் அந்தச் சொல் கேட்டது, காதுக்குள் இல்லை, கட்டிக்குள் அடித்துக்கொண்டே கேட்டது. வெளியே வேட்டு வெடித்தது, தலைமை விருந்தினர் வந்துவிட்டார், மைக்கில் அவரைப் பாசமிகு என்று ஆரம்பித்து அடுக்கிக்கொண்டே போனார்கள். எழுபத்தைந்து கிலோ பிரிவு, வரிசையில வாங்க என்றார்கள். மாஸ்டர் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். சந்தனகுமாரின் கை தாழ்ப்பாளை விட்டது, இந்தத் தடவை விடவேண்டாத நேரத்தில் உடனே விட்டது.

மேடை வெளிச்சம் நெற்றியில் அறைந்தது. மாலையும் தோரணமும் கட்டுகிற மேடை, மணவறையைத் தூக்கி ஓரமாக வைத்திருந்தார்கள், பாட்டு நெஞ்சுக்குள் குத்தியது. இரண்டு கையையும் மடக்கிக் காட்டுங்க என்றார் நடுவர், மடக்கினான், விலாவை விரித்துக் காட்டுங்க என்றார், விரித்தான், அப்போதுதான் நடுக்கம் வந்தது. முன்னால் வந்ததெல்லாம் ஒத்திகை, இது வேறு, வயிற்றுக்குள்ளிருந்து யாரோ அவனைப் பிடித்து உலுக்கினார்கள், தொடை துடித்தது, மார்பு துடித்தது, ஒவ்வொரு சதைநாரும் தனித்தனியாகத் துள்ளியது. கூட்டம் எழுந்துவிட்டது. விசில் பறந்தது. எல்லாரும் அதை அவன் வேண்டுமென்றே காட்டுகிற வித்தை என்று நினைத்தார்கள், இந்த மாதிரி யாரும் காட்டிப் பார்த்ததில்லை, நடுவர்கூடப் பேனாவை வைத்துவிட்டு முன்னால் குனிந்தார், ஆரோக்கியராஜ் பக்கத்தில் நின்றுகொண்டு, போஸை விடாமல், வாய்க்குள் ஏய் பங்காளி என்றான். போடு, போடு என்று மாஸ்டர் படுதாவுக்குப் பின்னாலிருந்து அழாத குறையாகக் கத்தினார். நில்லு என்று தன் தொடைக்குச் சொன்னான். நில்லு என்று கைக்குச் சொன்னான். ஒன்றும் நிற்கவில்லை, கைதட்டல் ஏற ஏற அது ஏறியது, இத்தனை வருஷம் எந்த உடம்புக்காகச் செத்தானோ அந்த உடம்பு அவன் பேச்சைக் கேட்காமல் ஊரே பார்க்க ஆடிக்கொண்டிருந்தது, நாக்கைக் கடித்துவிட்டான், வாயில் உப்பு. வலப்பக்கம் திரும்புங்க என்றார் நடுவர். திரும்பினான். பட்டைக்கு அடியில் ஏதோ கிழிந்தது, சூடாக ஒன்று தொடையில் இறங்கியது, வெண்கலச் சாயத்தைக் கழுவிக்கொண்டு மஞ்சளும் சிவப்புமாக முழங்கால் வரைக்கும் ஒரு வழி போட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் மட்டும் கைதட்டுவதை நிறுத்தினார்கள். பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை, அவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாவது வரிசையிலிருந்து அவள் எழுந்துவிட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரையும் கேட்காமல், தலைமை விருந்தினரின் முழங்காலுக்கும் பூச்செண்டு வைத்த மேஜைக்கும் நடுவில் புகுந்து மேடைப் படியில் ஏறினாள், யாரும்மா நீ என்று ஒருவர் மறித்தார், தள்ளிவிட்டு வந்தாள். வெளிச்சத்தில் அவள் புருவத்துக் கட்டு பளிச்சென்று தெரிந்தது. மாமா, போதும் என்று அவள் உதடு அசைந்தது, பாட்டுச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. முழங்கால் மடிந்தது. பிடிக்க ஏதாவது வேண்டும், அவள் தோள் எட்டுகிற தூரத்தில் இருந்தது, வலது கையைத் தூக்கினான், பிடிக்கத்தான் தூக்கினான், சாமி சத்தியமாகப் பிடிக்கத்தான். அவள் முழங்கையை மடக்கி முகத்துக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டாள். அவ்வளவு பேர் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். அவன் கை நடுவழியில் நின்றது, தானாக, யாரும் தண்ணீர் ஊற்றாமல், கீழே கண்ணாடி குத்தாமல் நின்றது, நின்றதை அவன் திருப்பி இழுத்து மார்போடு வைத்துக்கொண்டான், அதனால் பிடிக்க ஒன்றும் இல்லாமல் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான். பலகை மண்டையில் இடித்தது. பாட்டை நிறுத்துங்கய்யா என்று ஆரோக்கியராஜின் குரல் கேட்டது. பிறகு அவள் முகம் மேலே வந்தது, மிக அருகில், ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிக்கொண்டே குனிந்தாள், காய்ச்சல், இத்தனை நாளாக, இந்த ஊசி என்று யாரிடமோ வரிசையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தாள், குரல் வகுப்பில் பாடம் எடுப்பதுபோல் தெளிவாக இருந்தது. சொல்லிக்கொண்டே அவனுடைய வலது கையைத் தேடி எடுத்தாள், எடுத்துத் தரையில் வைத்துத் தன் இரண்டு கையாலும் பலமாக அமுக்கிக்கொண்டாள். நடுங்காமல் இருக்க அமுக்குகிறாளா, எழும்பாமல் இருக்க அமுக்குகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.